பென்சில் மொனையில ஆரம்பிச்சு அருவாமனை வரைக்கும்

என் பொண்ணு ஏழாவது படிக்கிறப்போ ட்ராயிங் கிளாஸ் சேத்து விட்டோம். ஹெச்பில இருந்து 6பி வரைக்கும் ஒரு செட்டு பென்சில் வாங்கிக் குடுத்தேன், மூணே வாரத்துல அதுல நாலு பென்சில் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துருச்சு. என்னடி, பென்சிலத் திங்கிறியான்னு சத்தம் போட்டேன். "நான் ஒண்ணும் பண்ணலம்மா, சீவ சீவ மொனை ஒடைஞ்சுக்கிட்டே இருக்கு"ன்னு அழுகுற மாதிரி சொன்னா. நான் நம்பல. புள்ளைக கீழ போட்டுட்டு கதை சொல்லும்னு நெனச்சு நானே ஷார்ப்னர வாங்கி சீவிப் பாத்தேன். மூணு சுத்து சுத்துனேன், நாலாவது சுத்துல டக்குன்னு உள்ளயே ஒடைஞ்சு மாட்டிக்கிச்சு. குண்டூசி வச்சு குத்தி எடுத்துட்டு மறுபடி சீவுனேன், மறுபடி டக்.

அன்னிக்கு ராத்திரி அவ தூங்குனதுக்கு அப்புறம் சும்மா அந்த சீவல எடுத்துப் பாத்தேன். நாம படிக்கிறப்போ அது எப்படி இருக்கும், விசிறி மாதிரி, பாவாடை மாதிரி, ஓரத்துல செவப்பு கருப்பு பெயிண்ட் கோடு வச்சு ஒரே சுருளா வரும், அத பாலுல ஊறவச்சா ரப்பர் ஆகும்னு எவனோ சொன்னத நம்பி ஒரு வாரம் டம்ளர்ல ஊறவச்சு அம்மாகிட்ட அடி வாங்குன ஆளு நானு. இங்க பாத்தா சுருளே இல்ல, மரத்தூள் மாதிரி பொடிப்பொடியா கெடந்துச்சு. சீவல, பிச்சிருக்கு. ஷார்ப்னர் பிளேடு மொக்கையாயிருந்தா அது மரத்த வெட்டாது, புடிச்சு இழுக்கும், இழுக்குற இழுப்புல லெட் தாங்காம முறியும். நாலு பென்சிலு போனது பிள்ளையாலயும் இல்ல பென்சிலாலயும் இல்ல, பத்து ரூவா ஷார்ப்னராலன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு.

புது ஷார்ப்னர் வாங்கிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் கழட்டிப் பாக்கணும். மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ முடுக்குற குட்டி ஸ்க்ரூ டிரைவர் வீட்டுல இருந்துச்சு, அத வச்சு பிளேட கழட்டி டியூப்லைட்டுக்கு நேரா வாய், அதான் வெட்டுற ஓரம், என்னைப் பாக்குற மாதிரி புடிச்சேன். வாயில வெள்ளையா ஒரு கோடு மின்னுச்சு. இந்த ஒரு விசயத்த மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, கத்தி, பிளேடு, கத்திரிக்கோல், அருவா எதுவா இருந்தாலும் சரி, கூரா இருக்குற வாயி வெளிச்சத்துல தெரியவே தெரியாது, ஏன்னா ரெண்டு பக்கமும் சேந்து மெலிஞ்சு ஒண்ணுமில்லாம முடியுது, வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்க எடமே கெடையாது. மழுங்கிப் போயிருந்தா அங்க ஒரு சின்ன மொட்டைத் தளம் இருக்கும், அதுதான் மின்னும். எங்க மின்னுதோ அங்க மொட்டை. காசு செலவில்லாத டெஸ்ட்டு, விரலும் தப்பிச்சுக்கும்.

சரி மழுங்கிருக்கு, தீட்டலாம்னு பாத்தா அந்த பிளேடு ஒரு புளியங்கொட்டைய விட கொஞ்சம் பெருசு, கையில புடிக்கவே முடியல. ரெண்டு தடவ விரலுக்கடியில நழுவி தோல் உரிஞ்சதுதான் மிச்சம். அப்புறம் பழைய ஸ்பீக்கர்லருந்து கழட்டி வச்சிருந்த காந்தத்த மேல ஒட்டவச்சேன், கச்சிதமா ஒரு கைப்பிடி ஆயிருச்சு. வாட்டர் பேப்பர்னு பெயிண்டர்கள் சொல்லுவாங்கல்ல, தண்ணி போட்டு தேய்க்கிற கருப்பு உப்புத்தாள், அதுல 1000 நம்பர் (நம்பர் ஏற ஏற நைசு) ஒரு துண்டு வாங்கி கண்ணாடித் துண்டு மேல விரிச்சு, பிளேடோட சரிவுப் பக்கம் அப்படியே படிய வச்சு இருபது இழுப்பு. திருப்பிப் போட்டு தட்டையான பக்கம் ரெண்டே இழுப்பு. மாட்டி சீவுனேன், ஒண்ணுமே வெட்டல. தலகீழா மாட்டிட்டேன்! அதனால நீங்க கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. சரியா மாட்டி மறுபடி சீவுனப்போ ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, சர்ர்ருன்னு, சுருளு சுருளா விசிறி விழுந்துச்சு, பொண்ண எழுப்பிக் காட்டலாமான்னு இருந்துச்சு, மணி பன்னெண்டுங்கிறதால விட்டுட்டேன்.

இந்த ஜெயிப்புத்தான் என்னைய கெடுத்துச்சு. நமக்கு கை வந்துருச்சுன்னு அடுத்த நாளே அடுப்படிக் கத்திய கையில எடுத்தேன்.

எங்க வீட்டுக் கத்தி நெலம எப்படின்னா தக்காளி மேல வச்சு அழுத்துனா தக்காளி நசுங்கும், அறுபடாது. போன வருசம் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்த மாதிரி அழுத்துறப்போ தோலு மேல வழுக்கி கட்டைவிரல்ல எறங்கி மூணு தையல் போட்டுச்சு. மொக்கைக் கத்தி ஆபத்தில்லன்னு நெனைக்கிறவங்க நெறையப் பேரு, எங்க அத்தையும் அந்தக் கட்சிதான், கூரா இருந்தா புள்ளைக வெட்டிக்கும்னு சொல்லுவாங்க. கூரான கத்தி நாம வைக்கிற எடத்துல எறங்கும், மொக்கைக் கத்தி அது போற எடத்துக்குப் போகும். அழுத்துற பலம் முழுக்க நம்ம விரலத்தான் தேடி வரும்.

அந்தக் கத்தி கூராகுறதுக்கு முன்னாடி நான் பண்ணாத முட்டாள்தனம் இல்ல. மொதல்ல ஆன்லைன்ல கத்தி தீட்டுற மாடல் ஒண்ணு வாங்குனேன், வி மாதிரி இருக்கும், நடுவுல கத்திய விட்டு நாலு தடவ இழுத்தா போதும்னு போட்டிருந்தான். நெசமாவே அன்னிக்கு தக்காளி அறுத்துச்சு. ஒரு வாரம்தான். உள்ள ரெண்டு கெட்டியான துண்டு வாயில இருந்து இரும்ப சுரண்டி எடுக்குது, வாயி ரம்பம் மாதிரி ஆகுது, அந்தப் பிசுறு நாலு நாள்ல மடங்கிரும், மறுபடி இழுப்போம், மறுபடி சுரண்டும். ஆறு மாசத்துல கத்தி கைப்பிடிகிட்ட ஒரு பள்ளம் விழுந்து போச்சு, பலகையில வச்சு வெட்டுனா அந்த எடத்துல வெங்காயம் அறுபடாம தொங்கும்.

அப்புறம் ஒரு கடையில மோட்டார் சாணைக்குக் குடுத்தேன். பொறி பறக்க ரெண்டு நிமிசத்துல புடிச்சுக் குடுத்தாரு. வாங்கிட்டு வந்து பாத்தா நுனியில ஒரு இஞ்சுக்கு நீலக் கலரு. அழகா இருக்கேன்னு நெனச்சேன், கூறு கெட்டவ. இரும்பு 300 டிகிரி, அதுக்கும் மேல சூடாகுறப்பத்தான் அந்த நீலம் வரும், அந்த சூடு வந்துச்சுன்னா கத்தி செய்யிறப்போ ஏத்துன கடினம் கொறைஞ்சிரும், அதுக்கப்புறம் அந்த எடத்த எவ்வளவு தீட்டுனாலும் கூரு நிக்காது. மோட்டார்ல புடிக்கிறதே தப்புன்னு சொல்லல, நல்ல ஆளு ரெண்டு விநாடிக்கு ஒருக்கா தண்ணியில முக்கி முக்கி புடிப்பாரு. பக்கத்துல தண்ணி டப்பா இல்லாத எடத்துல உங்க கத்தியக் குடுக்காதீங்க, அவ்வளவுதான்.

கடைசியா கல்லுக்கு வந்தேன். மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில சாம்பல் கலர்ல செங்கல் மாதிரி ஒரு கல்லு, ஒரு பக்கம் சொரசொரன்னு, மறுபக்கம் கொஞ்சம் நைசா, கார்போரண்டம் கல்லுன்னு கேட்டாலே குடுப்பாங்க. இந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1891ல அமெரிக்காவுல எட்வர்ட் அச்சிசன்னு ஒருத்தரு செயற்கையா வைரம் செய்யப் பாத்து, அது வராம வேற ஒரு பளபளப்பான கெட்டிப் பொருள் வந்துச்சு, கார்பனும் கொரண்டமும் சேந்ததுன்னு தப்பா நெனச்சு கார்போரண்டம்னு பேரு வச்சுட்டாரு, நெசத்துல அது சிலிக்கான் கார்பைடு. ஆனா அந்தக் கொரண்டம்ங்கிற வார்த்தை நம்ம குருந்தக்கல்லுதான், நம்ம பக்கத்து வார்த்தைதான் அங்க போயி கொரண்டம் ஆச்சு. குருந்தக்கல்ல பொடிச்சு அரக்குல கலந்து சக்கரமா ஊத்தித்தான் அந்தக் காலத்துல சாணை செஞ்சாங்க. ஆக கடையில நாம வாயில நுழையாத இங்கிலீஷ் பேருன்னு திக்கித் திக்கிக் கேக்குறது பாதி நம்ம சரக்கு.

கல்லு வந்துருச்சு, கூரு வரல. தேய்ச்சேன் தேய்ச்சேன் அப்படித் தேய்ச்சேன், சொரசொரப்புல அம்பது, நைசுல அம்பதுன்னு எண்ணி எண்ணித் தேய்ச்சேன், தக்காளி பழையபடி நசுங்குது. கல்லு சரியில்ல போலன்னு இன்னும் காசு போட்டு 1000, 3000 நம்பர் ஜப்பான் மாடல் கல்லு ஒண்ணு வாங்குனேன், வீட்டுக்காரருக்கு வெல சொல்லல, இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அதுலயும் வரல.

அப்பத்தான் தெருவுல சாணைக்காரர் வந்தாரு. சைக்கிள ஸ்டாண்டு போட்டு, பெடல மிதிச்சா முன்னாடி பார் கம்பி மேல இருக்குற சக்கரம் பெல்ட்டுல சுத்தும், அந்த மாதிரி. இப்பல்லாம் வருசத்துக்கு ரெண்டு தடவ வந்தா அதிசயம். "சாணை புடிக்கலியா, கத்தி, கத்திரிக்கோலு, அருவாமனை சாணை"ன்னு அந்த ராகத்தோட சத்தம் கேட்டதும் கத்திய எடுத்துட்டு ஓடுனேன், சாணை புடிக்க இல்ல, எதனால வரலன்னு கேக்க. பெரியவரு கத்திய வாங்கி முதுகுல இருந்து வாயப் பாத்து கட்டைவிரல மெதுவா வழிச்சு எடுத்தாரு, ஒரு பக்கம், திருப்பி மறுபக்கம். "பிசுறு எறங்கலையேத்தா, அதுக்குள்ள ஏன் திருப்புன"ன்னாரு.

அவ்வளவுதான் பாடம். நான் வருசக் கணக்கா தேடுனது இந்த ஒரு வார்த்தை. அவரு என் கையப் புடிச்சு விரல வச்சுக் காமிச்சாரு. ஒரு பக்கத்த மட்டும் தேய்ச்சுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல அந்தப் பக்கம் மெலிஞ்சு மெலிஞ்சு வாயி வரைக்கும் வந்துரும், அதுக்கு மேல தேய்க்கிறப்போ வாயில மிஞ்சுற இரும்பு மறுபக்கமா மடங்கி ஒரு பிசுறா நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரல்ல தெரியும், நகவெட்டியில நகத்த வெட்டுனதும் ஓரத்துல ஒரு சொரப்பு தட்டும்ல அந்த மாதிரி. அது கைப்பிடியில இருந்து நுனி வரைக்கும் விடாம வந்தாத்தான் அந்தப் பக்கம் முடிஞ்சுச்சுன்னு அர்த்தம். நடுவுல ஒரு அரை இஞ்சு இல்லன்னாலும் அங்க இன்னும் மொட்டை இருக்கு. அதுக்கப்புறம்தான் மறுபக்கம் திருப்பணும், அதுலயும் பிசுறு வரணும், அப்புறம்தான் நைசு கல்லு. நான் என்ன பண்ணிருந்தேன், எண்ணிக்கை வச்சு அம்பது ஆச்சுன்னு திருப்பிருந்தேன். கத்திக்கு எண்ணத் தெரியுமா? என்கிட்ட இருந்த கத்திக்கு முன்னூறு இழுப்பாவது வேண்டியிருந்துச்சு.

விரல வழிக்கிறப்போ ஒண்ணு, எப்பவும் முதுகுல இருந்து வாயத் தாண்டி வெளிய. வாயி நீளத்துக்கு விரல ஓட்டக்கூடாது, ஓட்டுனா தெரிஞ்சுக்க விரல் இருக்காது. பயமா இருந்தா பழைய நைலான் சாக்ஸ் துண்டு இல்ல பஞ்சு வச்சு வழிங்க, பிசுறு இருக்குற பக்கம் நூல் மாட்டும்.

அடுத்து கோணம். இதுதான் ரொம்பப் பேரு விடுற எடம், நானும் விட்டேன். நம்ம வீட்டுல இருக்குற சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி போதும், மெலிசான ஜப்பான் கத்திகளுக்கு 15. டிகிரிய எப்படிக் கண்ணால பாக்குறதுன்னு கேட்டா, ஒரு பேப்பர் மூலைய எடுத்துக்கங்க, அது 90, ஒரு மடிப்பு மடிச்சா 45, இன்னொரு மடிப்பு 22.5, அந்த மடிச்ச மூலைய கல்லு பக்கத்துல நிறுத்தி வச்சு அதோட சாய்வுக்கு கத்திய சாய்ச்சா போதும், ரெண்டு டிகிரி கூடக் கொறைய இருந்தா தக்காளி கோவிச்சுக்காது. இல்லன்னா கணக்கு, கத்தி அகலம் 4 செ.மீ. இருந்துச்சுன்னா முதுகு கல்லுல இருந்து சுமார் 1.4 செ.மீ. தூக்கி இருக்கணும். ஆனா 20ஆ 18ஆங்கிறத விட முக்கியம் எந்தக் கோணத்துல ஆரம்பிச்சீங்களோ அதுலயே நிக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் கை ஆடுச்சுன்னா கத்தி வாயி கூராகாம உருண்டையாகும். நான் மணிக்கட்டப் பூட்டிட்டு தோள்பட்டையில இருந்து தள்ளப் பழகுனேன், சப்பாத்தி தேய்க்கிற மாதிரி ஆடிக்கிட்டே தள்ளுனா வராது.

இதுக்கு ஒரு குறுக்கு வழி, பொண்ணோட மார்க்கர் பேனா. வாயோரமா ரெண்டு பக்கமும் கருப்பு அடிச்சுட்டு அஞ்சு இழுப்பு இழுத்துப் பாருங்க. மேல முதுகுப் பக்கம் மட்டும் கருப்பு போயிருந்தா ரொம்ப படுக்க வச்சிருக்கீங்க, வாயி நுனியில மட்டும் போயிருந்தா ரொம்ப தூக்கிட்டீங்க, சரிவு முழுக்கப் போயிருந்தா அதுதான் உங்க கோணம். கல்லு எங்க படுதுன்னு அது போட்டுக் குடுத்துரும்.

அழுத்தம் பத்தி ஒண்ணு. ஆரம்பத்துல கொஞ்சம் அழுத்தலாம், கல்லு மாத்த மாத்த கையோட கனம் மட்டும் போதும், கடைசி பத்து இழுப்பு பூனைக்குட்டியத் தடவுற மாதிரி. அழுத்தித் தேய்ச்சா ஒரு பக்கப் பிசுற தட்டி மறுபக்கம் அனுப்புறதுதான் நடக்கும், அது போகவே போகாது. தண்ணியா எண்ணெயான்னு சண்டை போடுறாங்க, ரெண்டும் ஒரே வேலதான், உதிர்ற இரும்புத் தூளு கல்லோட துளைய அடைக்காம மிதக்க வைக்கிறது. ஒரு தடவ எண்ணெய் ஊத்துன கல்லுல அப்புறம் தண்ணி ஒட்டாது, அதனால மொத நாளே முடிவு பண்ணிருங்க. நான் தண்ணிக் கட்சி, அடுப்படியில எண்ணெய்க் கல்ல வச்சா கரப்பான் நக்கும்.

கல்லும் தேயும். வீட்டுல எல்லாரும் நடுவுலயேதான் தேய்ப்போம், ஒரு வருசத்துல நடுவுல குழி விழும், குழியில கத்தி கோணம் நிக்காது. அதுக்கு அதே வாட்டர் பேப்பர், சொரசொரப்பான நம்பரா 120 கிட்ட, கண்ணாடி மேல தண்ணி தெளிச்சு விரிச்சுட்டு கல்லு மேல பென்சில்ல குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கோடு மொத்தமும் அழியிற வரைக்கும் கல்லத் தேய்க்கணும். நடுக்கோடு கடைசியா அழியும், அங்கதான் குழி இருந்துச்சுன்னு அப்ப தெரியும்.

பிசுறு வந்தா மட்டும் போதாது, அது போகவும் போகணும். இங்க அத்தை உள்ள வந்தாங்க. நான் பழைய தோல் பெல்ட் உட்பக்கத்துல பச்சைக் கலர் பாலீஷ் கட்டிய தடவிட்டு, கத்திய வாயிக்கு எதிர்ப்பக்கமா முதுகு முன்னால போற மாதிரி இழுத்துக்கிட்டு இருந்தேன், சலூன்ல பட்டையில சவரக்கத்திய இழுப்பாங்கல்ல அது மாதிரி. அத்தை ஊரு கமுதிப் பக்கம். பாத்துட்டு, "இதத்தானத்தா பனையேறிக மரத்துல செய்வாக"ன்னாங்க. என்னன்னு கேட்டா அவங்க சின்னப் புள்ளையில பனையேறுறவங்க இடுப்புல ஒரு பலகைத் துண்டு வச்சிருப்பாங்களாம், வெங்கச்சங்கல்ல, அதான் குவார்ட்ஸ்ங்கிற வெள்ளக் கல்ல, இடிச்சு நைசாப் பொடி பண்ணி அந்தப் பலகையில போட்டு பாளை அருவாள தேய்ப்பாங்களாம். அந்தப் பாளை சீவுற கூரு இருக்கே, மயிரு மாதிரி மெலிசா சீவணும், கொஞ்சம் நசுங்குனாலும் பதநி வடியாதாம். எனக்கு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்டுச்சு. தீட்டின மரத்துலயே கூர் பாக்குறதுன்னு பழமொழிய சின்னதுல இருந்து எத்தனை தடவ சொல்லிருப்போம், கேட்டிருப்போம், மரத்துல போயி எவன் கத்தி தீட்டுவான்னு ஒருநாளாவது யோசிச்சிருக்கமா? மரம் தீட்டாது, மரத்துல பதிஞ்ச வெங்கச்சங்கல்லு பொடி தீட்டும். கல்லோட கடினத்த ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் அளக்குற மோஸ் கணக்குல வெங்கச்சங்கல்லு 7, இரும்பு அதுக்குக் கீழ. மரம் மெதுவா அந்தப் பொடியப் புடிச்சு வச்சுக்கும். என் பெல்ட்டும் பச்சை மருந்தும் அதே வேலதான், நான் அதுக்கு ஆன்லைன்ல முன்னூறு ரூவா குடுத்திருந்தேன்.

அந்தக் கடினக் கணக்கு தெரிஞ்சதுல இன்னொரு லாபம், வீட்டு வைத்தியம் எதுல உண்மை இருக்கு எதுல இல்லன்னு பிரிக்க முடிஞ்சுச்சு. மிக்சி பிளேடு மழுங்குனா கல்லுப்பு போட்டு ஓட்டுன்னு எங்க தெருவே சொல்லும். உப்போட கடினம் ரெண்டரை, இரும்பு அதப் போல ரெண்டு மடங்குக்கு மேல, உப்பு எப்படி இரும்ப தீட்டும்? அழுக்கு போகும், அவ்வளவுதான், சட்னி நைசா வந்த மாதிரி இருக்குறது நம்ம மனசு. கத்திரிக்கோலால அலுமினியத் தாள வெட்டுனா கூராகும்ங்கிறதும் அந்த ரகம்தான், சின்னப் பிசுற நிமித்திவிடும், தீட்டாது. பீங்கான் கப்ப கவுத்துப் போட்டு அடியில இருக்குற சொரசொர வளையத்துல கத்தியத் தேய்க்கிறது மட்டும் நெசமாவே வேல செய்யும், ஏன்னா பீங்கான் இரும்ப விடக் கெட்டி. அவசரத்துக்கு நான் இப்பவும் செய்யிறேன்.

கத்திரிக்கோலுன்னதும் ஒரு எச்சரிக்கை. அதுல ரெண்டு தகடும் உரசுற உட்பக்கம் தட்டையா இருக்கும், அதத் தொடவே கூடாது. வெளிச்சரிவ மட்டும் தீட்டணும். நான் ஆர்வத்துல உட்பக்கமும் நாலு இழுப்பு இழுத்து எங்க அம்மாவோட தையல் கத்திரிய துணியக் கடிச்சுத் துப்புற மாதிரி பண்ணிட்டேன், அம்மா முப்பது வருசம் வச்சிருந்தது. அது இன்னும் என் மேசையிலதான் இருக்கு, மனசு கஷ்டமா இருக்கும் பாக்குறப்பல்லாம்.

அருவாமனைக்கு வேற வழி. அது திருப்பாச்சேத்தியில வாங்குனது, லாரி ஸ்பிரிங் பட்டைய அடிச்சு செஞ்ச தகடுன்னு அத்தை பெருமையா சொல்லுவாங்க. பலகையில அடிச்சிருக்கு, கழட்ட முடியாது, வளைவு வேற, கல்லுல வச்சு தள்ள முடியாது. அதனால கல்ல அதுகிட்ட கொண்டு போகணும். என் பழைய கல்லு ஒருநாள் கீழ விழுந்து ரெண்டா ஒடைஞ்சிருந்துச்சு, அதுல கையடக்கமான துண்டு இதுக்குன்னே செஞ்ச மாதிரி. கால் வச்சு உக்காந்தா வாயி நம்மளப் பாக்கும், அது ஆபத்து, அதனால எதிர்ப்பக்கம் உக்காந்து முதுகுப் பக்கத்துல இருந்து கைய நீட்டி, மேல இருந்து கீழ ஒரு பக்கம், பிசுறு வந்ததும் மறுபக்கம். கார்பன் இரும்புங்கிறதால சீக்கிரம் கூராகும், ஸ்டெயின்லெஸ்ல அரை மணி நேரம் எடுக்குறது இதுல பத்து நிமிசம், ஆனா தொடைச்சு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவலன்னா மறுநாளே துருப் புடிச்சு கல்லுல எடுத்த கூரு காத்துல போயிரும். நுனியில இருக்குற தேங்காத் துருவிப் பல்லுக்கு கல்லு ஆகாது, முக்கோண அரம் வேணும், ஒவ்வொரு பல்லுக்கு நடுவுலயும் ரெண்டு இழுப்பு.

தீட்டி முடிச்சதும் வீட்டுல எல்லாருக்கும் சொல்லிருங்க. நான் சொல்லல. அத்தை வழக்கம் போல கீரைத்தண்ட வச்சு பழைய பலத்துல ஒரு அழுத்து அழுத்துனாங்க, தண்டு, நகம், நகத்துக்கு அடியில கொஞ்சம் சதைன்னு எல்லாம் ஒரே வெட்டு. வலிக்கவே இல்லையாம், ரத்தத்தப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுச்சாம். ரெண்டு நாளைக்கு என்னோட பேசல. மூணாவது நாளு பாத்தா அவங்களே எந்தப் பேச்சும் இல்லாம பக்கத்து வீட்டு அருவாமனையக் கொண்டாந்து என் முன்னாடி வச்சாங்க.

கூரு வந்ததுக்கு அப்புறம் அது போகாம பாக்குறதுதான் பாதி வேல. கிரானைட் மேடையில நேரா வச்சு வெட்டாதீங்க, எவர்சில்வர் தட்டுலயும் வேணாம், கண்ணாடிப் பலகை விக்கிறாங்களே அது கத்திக்கு எமன். மரமோ பிளாஸ்டிக்கோ போதும். வெட்டுன காய வாயால வழிச்சு சட்டியில தள்ளுவோம்ல, அத மட்டும் நிறுத்தி கத்திய கவுத்து முதுகால தள்ளுனா ரெண்டு மாசக் கூரு நாலு மாசம் வரும். சிங்க்ல மத்த பாத்திரத்தோட போடுறது வாயிக்கும் ஆகாது, பாத்திரம் தேய்க்கிறவங்க கைக்கும் ஆகாது.

மறுபடி பென்சிலுக்கு வாரேன், ஏன்னா அங்க இன்னொண்ணு பாக்கி இருந்துச்சு. ஷார்ப்னர் பிளேடு சர்ர்ருன்னு சீவுனதுக்கு அப்புறமும் ரெண்டு பென்சில் மட்டும் ஒடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு, லெட் நடுவுல இல்ல, அடிப்பக்கத்தப் பாத்தா ஓரமா ஒதுங்கி இருந்துச்சு, அத எந்த ஷார்ப்னராலயும் சரி பண்ண முடியாது, ஒரு பக்கம் மரம் மொனை வரைக்கும் ஏறிக்கும். கடையிலயே அடிப்பக்கம் பாத்து வாங்குங்க, நட்ராஜா அப்சராவான்னு புள்ளைக சண்டை போடும், ரெண்டும் ஒரே கம்பெனிதான்னு சொன்னா என் பொண்ணு ஒரு வாரம் நம்பல. இன்னொண்ணு கீழ விழுந்தது. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள லெட் நாலஞ்சு துண்டா போயிருக்கும், சீவ சீவ ஒவ்வொரு துண்டா கழண்டு வரும். அதுக்கு மருந்து கெடையாது.

6பி ஏன் இம்புட்டு சீக்கிரம் ஒடையுதுன்னு பொண்ணு கேட்டா. லெட்டுங்கிறது கிராஃபைட்டும் களிமண்ணும் சேத்து சுட்டது, 1795ல கோன்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபுடிச்ச வழி, களிமண் கூடுனா கெட்டி, கொறைஞ்சா கருப்பும் மெதுவும். மெதுவான லெட்ட ஷார்ப்னர்ல விட்டு முறுக்குனா தாங்காது. அதனாலதான் படம் வரையிறவங்க கத்தியில சீவுவாங்க. ஷார்ப்னருக்கு பிரான்ஸ்ல மொதல் காப்புரிமை எடுத்ததே 1828லதான், அதுவரைக்கும் எல்லாரும் கத்திதான், நாம பேனாக்கத்தின்னு சொல்றோமே, அது இறகுப் பேனாவ சீவுனதால வந்த பேரு.

கத்தியில சீவுறதுக்கு கை இப்படி. எடது கையில பென்சில், மொனை வெளியப் பாத்து. வலது கையில கத்திய சும்மா புடிச்சாப் போதும், தள்ளக்கூடாது. எடது கட்டைவிரல் கத்தி முதுகத் தள்ளும், ஒரு தள்ளுக்கு ஒரு சீவல், பென்சில கொஞ்சம் திருப்பு, மறுபடி ஒரு தள்ளு. மரத்த ரெண்டு செ.மீ. நீளத்துக்குச் சரிவா எறக்கி, லெட் ஒரு செ.மீ. வெளிய தெரியிற வரைக்கும். லெட்டத் தொடுறப்போ கத்திய எடுத்துருங்க, உப்புத்தாள்ல பென்சில உருட்டி உருட்டித் தேய்ச்சா ஊசி மாதிரி வரும். எழுதுறதுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம், அதுக்கு ஷார்ப்னரே போதும். கலர் பென்சிலுக்கு மட்டும் மெதுவா, அமுக்காம திருப்பணும், மெழுகு பிளேடுல ஒட்டிக்கும், நடுநடுவுல ஒரு சாதா பென்சில அதே ஓட்டையில நாலு சுத்து சுத்துனா மெழுகு வழிஞ்சு வந்துரும்.

போன மாசம் சாணைக்காரர் மறுபடி வந்தாரு. நான் கத்திய எடுத்துட்டுப் போயி அவரு முன்னாடியே ஒரு பேப்பர அந்தரத்துல புடிச்சு நீளமா கிழிச்சுக் காமிச்சேன், சத்தமே இல்லாம எறங்குச்சு. அவரு ஒண்ணும் சொல்லல. கத்திய வாங்கி வெயிலுக்கு நேரா வாயப் புடிச்சு ஒரு கண்ண மூடிப் பாத்தாரு. அப்புறம் கைப்பிடியோரமா நகத்த வச்சு, "இந்த ரெண்டு விரக்கடைய விட்டுட்டியேத்தா"ன்னாரு. குனிஞ்சு பாத்தேன். வெள்ளையா மின்னுச்சு.